எதிரி வரம்பு மீறினால் நமக்கும் வரம்பு இல்லையா?

மேலப்பாளையத்தான் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், மற்ற நண்பர்களுக்கு வணக்கம்.

காஸா படங்கள் வரத் தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கத்துப் பையன்களிடம் ஒரு வாதம் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. அவர்கள் நம் குழந்தைகளைக் கொல்கிறார்கள், அதனால் அவர்கள் குழந்தைகள் சாவதிலும் தப்பில்லை, மார்க்கமே அதற்கு இடம் கொடுக்கிறது என்கிறார்கள். ஆதாரமாகக் காட்டுவது குர்ஆனில் சூரா நஹ்ல் (16ஆம் அத்தியாயம்) 126ஆம் வசனம்: நீங்கள் பழிவாங்குவதானால் உங்களுக்குச் செய்யப்பட்ட அளவுக்கே செய்யுங்கள். வசனத்தின் மறுபாதியை, அதாவது பொறுத்துக்கொண்டால் பொறுமையாளர்களுக்கு அதுவே மேல் என்பதை, யாரும் போடுவதில்லை.

இந்த வாதம் புதியதல்ல. 2001 அக்டோபரில் அல் ஜஸீரா நிருபர் தைஸீர் அல்லூனிக்குக் கொடுத்த பேட்டியில் அல்காயிதா தலைவர் பின் லாடன் சொன்னது இதுதான். பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக்கூடாது என்ற தடை முழுமையானது இல்லை, அவர்கள் நம்மவர்களைக் கொன்றால் நாமும் கொல்லலாம் என்று இதே வசனத்தைக் காட்டினார். நம் பையன்கள் எங்கிருந்து வந்த வாதம் என்று தெரியாமலே அதைச் சுமக்கிறார்கள். அது எனக்குப் பெரிய வேதனை.

இந்த வசனத்துக்கு விரிவுரைகளில் பரவலாகச் சொல்லப்படும் பின்னணி 625இல் நடந்த உஹத் போர். நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) கொல்லப்பட்டு, உடல் சிதைக்கப்பட்டுக் கிடந்தது. அதைப் பார்த்த வேதனையில், அவர்களில் பலரை நானும் இப்படியே சிதைப்பேன் என்று நபியவர்கள் சொன்னார்கள். அப்போது இறங்கிய வசனம் இது. அவர்கள் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார்கள், அதன் பிறகு உடலைச் சிதைப்பதையே தடை செய்தார்கள். அதாவது கோபத்துக்குக் கடிவாளம் போட வந்த வசனத்தை எடுத்து, சாட்டையாக வீசிக்கொண்டிருக்கிறோம்.

அபூபக்ர் (ரலி) காலத்தில் சிரியாப் போர்முனையிலிருந்து ஒரு ரோமத் தளபதியின் வெட்டப்பட்ட தலையைக் கொண்டுவந்தார்கள். கலீஃபா முகம் சுளித்தார். கொண்டுவந்த உக்பா இப்னு ஆமிர், அவர்களும் நமக்கு இதைத்தானே செய்கிறார்கள் என்றார். பாரசீகத்தையும் ரோமையும் பார்த்தா நாம் நடப்பது, இனிமேல் எந்தத் தலையும் என்னிடம் வரக்கூடாது, கடிதமும் செய்தியும் போதும் என்றார் அபூபக்ர். இன்றைக்குப் பையன்கள் கேட்கும் அதே கேள்வி, அன்றைக்கே பதிலும் வந்துவிட்டது.

என் நிலை இதுதான்: எதிரியின் நடத்தை நம் வரம்பைத் தளர்த்தாது. மறுப்பவர்கள் ஆதாரத்தோடு எழுதுங்கள்.

கடற்காகம் எழுதியது:

நான் முஸ்லிம் இல்லை. இந்த விஷயத்தைக் கொஞ்சம் படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் நோக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது பாய். ஆனால் நல்ல பக்கங்களை மட்டும் எடுத்துக் காட்டினால் அந்தப் பையன்கள் இணையத்தில் தேடி மறுபக்கத்தைக் கண்டுபிடிப்பார்கள், அப்புறம் உங்களை நம்ப மாட்டார்கள். குர்ஆன் 9:5 வசனம், முஷ்ரிக்குகளை (இறைவனுக்கு இணை வைப்பவர்களை) எங்கே கண்டாலும் கொல்லுங்கள் என்பது. முந்தைய சமாதான வசனங்களை எல்லாம் இது ரத்து செய்துவிட்டது என்று எழுதிய பழைய அறிஞர்கள் இருக்கிறார்கள். 627இல் மதீனாவில் பனூ குறைளா யூதக் குலத்தின் ஆண்கள் கொல்லப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக்கப்பட்டார்கள். எண்ணிக்கை 400 என்றும் 900 என்றும் உங்கள் நூல்களே சொல்கின்றன. இவற்றுக்கு என்ன பதில்?

நூருல்_ஐன் எழுதியது:

நான் சட்டம் படிக்கிறவள், ஓரளவு ஃபிக்ஹும் (இஸ்லாமியச் சட்டவியல்) படித்திருக்கிறேன். கடற்காகம் கேட்டது நியாயம்தான்.

9:5க்கு அதிக நேரம் தேவையில்லை. அதற்கு முந்தைய வசனம் ஒப்பந்தத்தை முறிக்காதவர்களை விலக்குகிறது. அடுத்த வசனம், முஷ்ரிக்குகளில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுங்கள், பிறகு அவரைப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேருங்கள் என்கிறது. 13ஆம் வசனம், முதலில் ஆரம்பித்தவர்கள் அவர்கள்தானே என்கிறது. கண்ட இடத்தில் கண்டவனைக் கொல் என்பது சட்டம் என்றால் 6ஆம் வசனத்துக்கு வேலையே இல்லை. ரத்துக் கொள்கையை அந்த அளவுக்கு நீட்டியவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை, அதை மறுத்தவர்களும் அதே அளவுக்கு இருந்தார்கள்.

பனூ குறைளா விஷயத்தில் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. மதீனா முற்றுகையில் இருந்தபோது ஒப்பந்தத்தை முறித்து எதிரியோடு சேர்ந்தார்கள் என்பதே நம் மூலங்கள் சொல்லும் காரணம். தீர்ப்புச் சொன்னவர் அவர்களுடைய பழைய கூட்டாளியான ஸஅத் இப்னு முஆத். எண்ணிக்கையையும் சம்பவத்தின் வடிவத்தையும் சந்தேகித்து நம் காலத்தில் எழுதியவர்களும் உண்டு. இவ்வளவு சொன்ன பிறகும் அது கடுமையான தண்டனைதான். சிறைப்பட்டவர்களை அடிமையாக்குவது அன்றைய உலகம் முழுக்க இருந்த வழக்கம், ஃபிக்ஹ் அதை ஏற்று, ஒழுங்குபடுத்தி, விடுதலை செய்வதைப் புண்ணியமாக்கியது, ஆனால் ஒழிக்கவில்லை. 2014இல் ஈராக்கின் சின்ஜாரில் பிடித்த யஸீதிச் சிறுபான்மைப் பெண்களை ஐஎஸ் இயக்கம் சந்தையில் விற்றபோது அந்தப் பழைய பக்கங்களைத்தான் காட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐஎஸ் தலைவர் பக்தாதிக்கு 126 அறிஞர்கள் எழுதிய பகிரங்கக் கடிதம், அடிமைமுறையை ஒழிப்பதில் உலக முஸ்லிம்களின் ஒருமித்த கருத்து ஏற்பட்டுவிட்டது, அதைத் திரும்பக் கொண்டுவருவது ஹராம் என்றது. எனக்கு அந்தக் கடிதத்தின் பதில் சரி என்று படுகிறது. ஆனால் பழைய நூல்களில் அப்படி ஒன்றும் இல்லவே இல்லை என்று நம் மேடைகளில் பேசுவது சரியல்ல.

மேலப்பாளையத்தான் கேள்விக்கு இன்னும் நேரடியான ஓர் உதாரணம் இருக்கிறது. கலீஃபா முஆவியா (ரலி) ஆட்சியில் ரோமர்களோடு உடன்படிக்கை ஏற்பட்டு, அவர்கள் ஆட்கள் பிணைக்கைதிகளாக இங்கே இருந்தார்கள். ரோமர்கள் உடன்படிக்கையை முறித்தார்கள். அன்றைய வழக்கப்படி பிணைக்கைதிகளின் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முஆவியாவும் உடன் இருந்தவர்களும் கொல்ல மறுத்து, அவர்களை விடுதலை செய்தார்கள். துரோகத்துக்குத் துரோகம் செய்வதைவிடத் துரோகத்துக்கு நேர்மையாக நடப்பது மேல் என்று அப்போது சொல்லப்பட்டதை பழைய சட்ட அறிஞர் மாவர்தி பதிவு செய்திருக்கிறார். ஹனஃபி சட்ட அறிஞர்கள் இதற்குக் கொடுக்கும் அடிப்படை, ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்ற 6:164 வசனம். உன் அரசன் செய்த குற்றத்துக்கு நீ பொறுப்பில்லை. எனக்குத் தெரிந்து இந்த விவாதத்தின் மொத்த எடையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

வெப்பக்காற்று எழுதியது:

எல்லாம் சரி அக்கா. ஆனால் இன்றைய நிலை வேறு. 1,400 வருடங்களுக்கு முன் படை தனி, ஊர் தனி. இன்று வரி கட்டுகிறவன் காசில்தான் குண்டு வாங்குகிறார்கள், ஓட்டுப் போடுகிறவன்தான் அந்த அரசைத் தேர்ந்தெடுக்கிறான். இஸ்ரேலில் ஆண் பெண் இரு பாலாருக்கும் ராணுவ சேவை கட்டாயம். மார்க்க அறிஞர் கர்ளாவியே அந்தச் சமூகம் முழுக்க ராணுவம் என்று சொல்லியிருக்கிறாரே? விமானம் வைத்திருக்கிறவனுக்கு இந்த ஒழுக்கமெல்லாம் சொல்லுங்கள். விமானம் இல்லாதவன் கையில் இருப்பதையும் பிடுங்குவது என்ன நியாயம்? வீட்டோடு புதைந்துபோன குழந்தைகளின் தகப்பனிடம் போய் இந்த வசனங்களைச் சொல்ல உங்களால் முடியுமா?

மேலப்பாளையத்தான் எழுதியது:

தம்பி, உன் கோபம் எனக்கும் இருக்கிறது. காஸாவில் நடப்பது மன்னிக்க முடியாத கொடுமை, அதில் உனக்கும் எனக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. அந்தத் தகப்பனுக்குப் பாடம் எடுக்க யாருக்கும் தகுதி இல்லை. ஆனால் நாம் அந்தத் தகப்பன் இல்லை. வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் பெயரால் ஃபத்வா கொடுக்கிறோம்.

வரி, ஓட்டு வாதத்தைப் பார்ப்போம். 2002இல் அமெரிக்க மக்களுக்கு பின் லாடன் பெயரில் வந்த கடிதத்தில் இது அப்படியே இருக்கிறது. இதற்குப் பதில் ஒரு ஹதீஸில் (நபிமொழியில்) இருக்கிறது, அபூதாவூத் தொகுப்பில் ரபாஹ் இப்னு ரபீஉ அறிவிப்பது. ஒரு போரில் மக்கள் எதையோ சுற்றிக் கூடி நிற்கிறார்கள். பார்த்தால் ஒரு பெண் கொல்லப்பட்டுக் கிடக்கிறாள். இவள் போரிடுகிறவளாக இல்லையே என்றார்கள் நபியவர்கள். உடனே முன்னணியில் இருந்த தளபதி காலிதுக்கு ஆள் அனுப்பினார்கள், பெண்ணையும் கூலியாளையும் கொல்ல வேண்டாம் என்று. அந்தக் கூலியாளை யோசித்துப் பார். அவன் ஊரில் உட்கார்ந்து வரி கட்டியவன் இல்லை. எதிரிப் படையோடு கூலி வாங்கிக்கொண்டு வந்தவன், அவர்கள் சாமானைச் சுமப்பவன், ஒட்டகத்தைப் பார்த்துக்கொள்பவன். போர்க்களத்திலேயே நிற்கிறான். அவனுக்கே பாதுகாப்பு உண்டென்றால் டெல் அவிவில் பேருந்தில் போகிறவளுக்கும் நியூயார்க்கில் மாடியில் கணக்கு எழுதியவனுக்கும் எப்படி இல்லாமல் போகும்?

கர்ளாவி அப்படிச் சொன்னது உண்மை. 2001இல் சவூதி முஃப்தி அப்துல் அஸீஸ் ஆலு ஷைக் தற்கொலைத் தாக்குதலுக்கு மார்க்கத்தில் அடிப்படை இல்லை என்றதும் உண்மை. பெரிய பெயரைக் காட்டி மட்டும் இதை முடிக்க முடியாது. கட்டாய ராணுவ சேவை முடித்துவிட்டு வீட்டில் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவள் அந்த நேரத்தில் போராளியா? 2023 அக்டோபர் 7 அன்று இசை நிகழ்ச்சியில் கொல்லப்பட்டவர்களும், வீட்டிலிருந்து தூக்கிச் செல்லப்பட்ட முதியவர்களும், குழந்தைகளும்? நான் ஆக்கிரமிப்புக்கு எதிராக ஆயுதம் எடுக்கும் உரிமையை மறுக்கவில்லை. ராணுவத்தை எதிர்த்துப் போரிடுவது வேறு, இது வேறு.

விமானம் இல்லாதவன் என்ன செய்வான் என்றாய். அல்ஜீரியாவில் அமீர் அப்துல் காதிருக்கும் பீரங்கிப் பலம் பிரெஞ்சுக்காரர்கள் அளவுக்கு இல்லை. அவர்கள் பயிரை எரித்தார்கள், ஊர்களைக் கொளுத்தினார்கள். 1845 ஜூனில் தஹ்ரா மலையில் குகைக்குள் ஒளிந்த உலத் ரியாஹ் குலத்தாரை, குகை வாயிலில் தீ மூட்டிப் புகையால் கொன்றார் கர்னல் பெலிஸியே. 500க்கும் மேற்பட்டோர், பெண்கள் குழந்தைகள் உட்பட. இப்படிப்பட்ட எதிரியின் கைதிகளை அமீர் நன்றாக நடத்தினார், 1841இல் அல்ஜியர்ஸ் பிஷப் துபுஷோடு பேசிக் கைதிகளைப் பரிமாறிக்கொண்டார். பிற்பாடு நாடுகடத்தப்பட்டு டமாஸ்கஸில் இருந்தபோது, 1860 ஜூலைக் கலவரத்தில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைத் தன் ஆட்களை அனுப்பி வீட்டுக்குக் கூட்டிவந்து காப்பாற்றினார். தன் நாட்டைப் பிடுங்கியவர்களின் மதம் அது. இவரும் போராளிதான் தம்பி, 15 வருடம் போரிட்டவர்.

கடற்காகம் எழுதியது:

அப்துல் காதிர் கதையிலும் ஒரு கறை உண்டு. 1846இல் அவர் முகாமில் இருந்த பிரெஞ்சுக் கைதிகள் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். அவர் அங்கே இல்லாதபோது அவருடைய ஆட்கள் செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நெருக்கடியில் வரம்பு உடையும் என்பதற்கு இது சாட்சி. சுல்தான் ஸலாஹுத்தீன் 1187இல் ஜெருசலேமைப் பிடித்தபோது 1099இல் அங்கே சிலுவைப் போர் வீரர்கள் செய்த படுகொலைக்குப் பழிவாங்காமல் மீட்புத் தொகை வாங்கி விட்டார், ஆணுக்கு 10 தீனார் என்று. எல்லோரும் சொல்லும் கதை. அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஹித்தீனில் பிடிபட்ட டெம்ப்ளர், ஹாஸ்பிடலர் என்ற கிறிஸ்தவத் துறவற அமைப்புகளின் வீரர்களை வெட்டச் சொன்னதும் அவர்தான். 1191இல் அக்கா (ஏக்கர்) என்ற துறைமுக நகரில் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் 2,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் கைதிகளைக் கொன்ற பிறகு, ஸலாஹுத்தீனும் பிடிபட்ட சிலுவைப் போர் வீரர்களைக் கொல்ல வைத்தார். பழிக்குப் பழிதான்.

நம் காலத்தில் ஈரான். 1980 முதல் 88 வரை ஈராக்கோடு நடந்த போரில் அந்நாட்டு அதிபர் சதாம் நச்சு வாயு வீசினார். ஈரான் தலைவர் கோமெய்னி மார்க்கக் காரணம் சொல்லி மறுத்தார், ஈரான் அதே வகையில் பதிலடி கொடுக்கவில்லை என்பதைப் பல ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அதே ஈரான் தன் நகரங்கள் மீது ஏவுகணை விழுந்ததும் பாக்தாத் மீது ஏவுகணை விட்டது. அங்கே இருந்தவர்களும் சாதாரண மக்கள்தானே?

இன்னொன்று, இரவுத் தாக்குதல் ஹதீஸ். இருட்டில் தாக்கும்போது பெண்களும் குழந்தைகளும் அடிபட்டால் என்ன என்று கேட்டதற்கு, அவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களே என்று பதில் வந்ததாக ஸஅப் இப்னு ஜஸ்ஸாமா அறிவிப்பது. தாயிஃப் முற்றுகையில் கல்லெறியும் பொறி வைத்ததும் இருக்கிறது. கல் ஆளைப் பார்த்தா விழும்?

கல்முனை_நானா எழுதியது:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். கிழக்கிலங்கையில் இருந்து எழுதுகிறேன்.

பழிக்குப் பழி என்றால் என்னவென்று எங்கள் மாகாணத்துக்கு நூல் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள், 100க்கும் மேல் மவுத்தானார்கள், அதில் சிறுவர்களும் இருந்தார்கள். அதே ஆகஸ்டில் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதைச் செய்தவர்களில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் இருந்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். காத்தான்குடியில் சுட்டவனுக்கும் வீரமுனைக் கோயிலில் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த தாய்க்கும் என்ன சம்பந்தம்? மொழி மட்டும்தான். தங்கச்சி நூருல்_ஐன் காட்டிய 6:164ஐ எங்கள் ஊர்ப் பள்ளிகளில் அந்த வருடமே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் காலையில் நடந்த குண்டுத் தாக்குதலும் உங்களுக்குத் தெரியும். 260க்கும் மேற்பட்ட உயிர்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மவுத்தானவர்களில் நிறையப் பேர் ஞாயிறு வகுப்பு முடித்த பிள்ளைகள். அந்தத் தாக்குதலின் தலைவன் சஹ்ரான் பயான் (மார்க்க உரை) செய்தது தமிழில். அதனால்தான் இந்த விவாதத்தைத் தமிழில் நடத்த வேண்டும் என்று நான் நினைக்கிறேன், அரபியில் 126 பேர் எழுதிய கடிதம் எங்கள் பையன்களிடம் வந்து சேரவில்லை. தாக்குதலுக்குப் பிறகு இலங்கை ஆலிம்கள் சபையான ஜம்இய்யத்துல் உலமா, தாக்கியவர்களின் ஜனாஸாக்களை (உடல்களை)ப் பள்ளிவாசல்கள் ஏற்காது என்றது. நல்ல முடிவு. ஆனால் அது ஜனாஸா கட்டம். அந்த ஆள் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே காத்தான்குடி ஆட்கள் பொலிஸில் முறையிட்டார்கள், 2017இல் வாளோடு மோதல் வரை போனது. அப்போதே அவன் சொன்ன ஒவ்வொரு ஆதாரத்துக்கும் பதில் ஆதாரம் அதே மொழியில், அதே யூட்யூபில் இருந்திருக்க வேண்டும்.

நூருல்_ஐன் எழுதியது:

நானா, இதை எழுதியதற்கு அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும்.

கடற்காகம் சொன்ன இரவுத் தாக்குதல் ஹதீஸ் ஆதாரப்பூர்வமானதுதான். பெரும்பான்மை அறிஞர்கள் அதைப் புரிந்துகொண்டது இப்படி: போராளியைக் குறிவைத்த தாக்குதலில், பிரித்துப் பார்க்க முடியாத நிலையில் மற்றவர்கள் அடிபட்டால் தாக்கியவன் மேல் குற்றமில்லை. பெண்ணையும் குழந்தையையுமே குறிவைக்கலாம் என்று இதிலிருந்து எடுக்க முடியாது, ஏனென்றால் அவர்களைக் கொல்வதற்கான தடை இப்னு உமர் வழியாக புகாரி, முஸ்லிம் என்ற இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் ஓட்டை பெரியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். குறி என்னவோ ராணுவம்தான், மற்றவர்கள் தற்செயல் என்று சொல்லிக்கொண்டே ஒரு தெருவையே அழிக்கலாம். விமானத்தில் வந்து குண்டு போடுகிறவர்களும் சரியாக இதைத்தான் சொல்கிறார்கள்.

அல்காயிதா இந்த ஓட்டைக்குள் மனிதக் கேடயச் சட்டத்தை வைத்துதான் நுழைந்தது. ஈராக்கிலும் பாகிஸ்தானிலும் சந்தைகளில் செத்தவர்கள் முஸ்லிம்கள் என்பதால் அவர்களுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. எதிரி முஸ்லிம் கைதிகளை முன்னால் நிறுத்திக்கொண்டு முன்னேறினால் என்ன செய்வது என்ற பழைய கேள்வி அது. பழைய அறிஞர் கஸ்ஸாலி இதற்கு மூன்று நிபந்தனை வைத்தார்: வேறு வழியே இல்லாத அவசியம், பலன் கிடைக்கும் என்ற உறுதி, முஸ்லிம் சமூகம் மொத்தத்தையும் காப்பாற்றும் அளவுக்குப் பொதுவான நன்மை. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் எதிரி ஒரே ஒரு முஸ்லிமைக் கேடயமாக நிறுத்தினாலும் அம்பு எய்யக்கூடாது என்கிறார், அந்தக் கோட்டையைப் பிடிக்காவிட்டால் சமூகம் அழிந்துவிடாது. மூழ்கும் படகில் ஒருவரைத் தூக்கிப் போட்டால் மற்றவர்கள் பிழைப்பார்கள் என்றாலும் கூடாது என்கிறார். இந்த நிபந்தனைகளை வைத்துப் பார்த்தால் ஒரு சந்தைக் குண்டுவெடிப்பாவது தேறுமா? அவர்கள் கஸ்ஸாலியின் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள், நிபந்தனையை விட்டுவிட்டார்கள்.

கஸ்ஸாலி பேசியது முஸ்லிம் கைதிகளைப் பற்றி என்பதும் உண்மை. எதிரித் தரப்புக் குழந்தைகள் கேடயமாக இருந்தால் பழைய அறிஞர்களில் பலர் இந்த அளவுக்குக் கண்டிப்பு காட்டவில்லை. அந்தக் கண்டிப்பை எல்லாக் குழந்தைகளுக்கும் நீட்டுவது நம் தலைமுறை ஆலிம்களின் பொறுப்பு என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். ஒரு கூட்டத்தார் மேல் உள்ள வெறுப்பு உங்களை அநீதிக்குத் தள்ளிவிட வேண்டாம் என்ற 5:8 இருக்கும்போது அதற்குத் தடை என்ன?

ஸலாஹுத்தீன் அக்கா நகரப் படுகொலைக்குப் பிறகு செய்தது பழிதான். அவரை நேசிக்கிறோம், அதற்காக அதைச் சட்டமாக்க வேண்டியதில்லை. காலித் (ரலி) பனூ ஜதீமா குலத்தாரை அவசரப்பட்டுக் கொன்றபோது நபியவர்கள் கையை உயர்த்தி, யா அல்லாஹ், காலித் செய்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். பிறகு அலீயை (ரலி) அனுப்பிக் கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் இழப்பீடு கொடுத்தார்கள். காலிதையே கண்டிக்க முடிந்த மார்க்கத்தில் ஸலாஹுத்தீனைக் கண்டிக்க முடியாதா?

வெப்பக்காற்று எழுதியது:

கூலியாள் ஹதீஸ் எனக்குப் புதிது. அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை, தேடிப் பார்க்கிறேன். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. காஸாவுக்கு மாவு போகவிடாமல் தடுத்தார்கள். நாளை ஒரு முஸ்லிம் படை எதிரியின் ஊரை முற்றுகையிட்டால் அதே மாதிரி உணவை நிறுத்தலாமா? முற்றுகையில் தண்ணீரை அடைப்பதை ஃபிக்ஹ் நூல்கள் அனுமதிப்பதாகப் படித்திருக்கிறேன். அப்படியென்றால் எந்த வாயால் அவர்களைக் குறை சொல்வது?

மேலப்பாளையத்தான் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. கோட்டை முற்றுகையில் தண்ணீரை அடைப்பது பற்றி நீ சொன்னது சரி, பழைய நூல்களில் அந்த அனுமதி இருக்கிறது. ஆனால் ஸுமாமா இப்னு உஸால் சம்பவத்தைப் பார். யமாமாத் தலைவர், இஸ்லாத்துக்கு வந்ததும் மக்காவுக்குப் போய் குறைஷிகளிடம், நபியவர்கள் அனுமதிக்கும் வரை யமாமாவிலிருந்து ஒரு கோதுமை மணிகூட உங்களுக்கு வராது என்றார். இதுவரை புகாரியில் இருக்கிறது. மீதியை நபி வரலாறு எழுதிய இப்னு ஹிஷாம் சொல்கிறார்: மக்கா பசியில் தவித்தது, குறைஷிகள் மதீனாவுக்குக் கடிதம் எழுதினார்கள், உறவைப் பேணச் சொல்கிற நீங்களா எங்கள் பிள்ளைகளைப் பட்டினியால் கொல்வது என்று. எழுதியது யார் என்று கவனி. நபியவர்களின் குலத்தையே பள்ளத்தாக்கில் அடைத்து, சுமார் மூன்று வருடம் கொடுக்கல் வாங்கல் இல்லாமல், இலை தின்னும் நிலைக்குத் தள்ளியவர்கள். உஹதில் ஹம்ஸாவைச் சிதைத்தவர்கள். பதிலுக்குப் பதில் என்று ஒன்று இருந்தால் அதற்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. நபியவர்கள் ஸுமாமாவுக்கு எழுதினார்கள், தானியத்தைப் போகவிடு என்று. போர் இன்னும் முடியவில்லை, மக்காவும் அப்போது கைக்கு வரவில்லை.

வெப்பக்காற்று எழுதியது:

இதையும் கூலியாள் ஹதீஸையும் எங்கள் குழுவில் போடுகிறேன். அங்கே என்னைவிட நன்றாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள், இரவுத் தாக்குதல் ஹதீஸை வைத்துத்தான் மறுப்பார்கள் என்று நினைக்கிறேன். நூருல்_ஐன் அக்கா, பெரும்பான்மை அறிஞர்கள் அதற்குக் கொடுத்த விளக்கத்தை மத்ஹப் (சட்டப் பள்ளி) வாரியாக எழுதித் தர முடியுமா?

நூருல்_ஐன் எழுதியது:

தருகிறேன். ஷாஃபிஈ மத்ஹபிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் குழுவில் அதிகம் பேர் அதில்தான் இருப்பார்கள், கடுமையான கருத்துகளும் அங்கேதான் இருக்கின்றன.